எச்சில் திறந்த பக்கம்

ஆவணக் காப்பகத்தில் அவளுக்குப் பெயர் பசையக்கா. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். இருபத்தைந்து வருஷமாகக் கிழிந்த பதிவேடுகளை ஒட்டுவதுதான் வேலை. கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீருக்குள் வைத்துக் கசக்கி, அடியில் படியும் வெள்ளை மாச்சத்தை மட்டும் எடுத்துக் காய்ச்சி, சல்லடையில் மூன்று தடவை தேய்த்த பிறகுதான் தூரிகையையே தொடுவாள். கடையில் விற்கும் கோந்துப் புட்டியைத் தெரியாத்தனமாக அவள் மேஜைமேல் வைத்தவர்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட கதைகள் அந்த அலுவலகத்தில் நிறைய உண்டு.

அவ்வளவு கறாரான மனுஷி ஒரு தடவை பெரிய தப்பு செய்திருந்தாள். செய்தது அவளுக்கே தெரியாது. அது தெரியவந்த காலையில்தான் இந்தக் கதை தொடங்குகிறது.

அன்று காலை பதினோரு மணிக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பத்து மூன்று வயது, நகரப் பேருந்து ஓட்டுநர், சீருடைச் சட்டையோடேயே வந்திருந்தாள். கையில் மனுவும் ரசீதும். மேலதிகாரி அவளைத் தன் மேஜையிலேயே உட்கார வைத்து, ஆஸ்பத்திரியின் பழைய பிறப்புப் பதிவேடு ஒன்றை விரித்துக் காட்டினார். இந்த அதிகாரிக்கு 'நாளைக்கு சார்' என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பார். ஆனால் அந்த வாரம் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. அந்த ஆஸ்பத்திரியின் பதிவேடுகளை எல்லாம் படமெடுத்து முடித்தாயிற்று. மறுநாள் மாலை நாலு மணிக்கு வேன் வந்து அத்தனையையும் வெளியூர்க் கிடங்குக்கு ஏற்றிப் போய்விடும். அங்கே போன எதுவும் ஒரு தனி ஆளுக்காகத் திரும்பி வந்ததே இல்லை.

ஓட்டுநர் விரலை வைத்துக் காட்டினாள். "இது நான்தான் சார். பெண் குழந்தை, தேதி, எடை எல்லாம் நான் வளர்ந்த குழந்தைகள் இல்லத்துல எழுதி வச்ச மாதிரியே இருக்கு. அம்மா பேர் இருக்க வேண்டிய எடத்துல கோடு போட்டிருக்காங்க. சரி, அதுகூடப் பரவாயில்ல. கடைசிக் கட்டத்தைப் பாருங்க."

கடைசிக் கட்டத்தில் நீல மையில் பொடி எழுத்தில் 'பின்பக்கம் பார்க்க' என்று இருந்தது.

"பின்பக்கத்தைத் திருப்பினா வெள்ளையா இருக்கு. இருபது வயசுல ஒரு தடவை வந்தேன். பின்பக்கம் ஒண்ணுமில்லம்மா, போன்னு அனுப்பிட்டாங்க. நானும் நம்பிப் போயிட்டேன். இப்போ வேன் வருதுன்னு பேப்பர்ல பார்த்தேன். மனசு கேக்கல, இன்னொரு தடவை பார்த்துடுவோம்னு வந்தேன்."

சொல்லிக்கொண்டே அந்தத் தாளை ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடித்தாள். வெயில் தாளை ஊடுருவியது. தாளுக்குள்ளே, ஆமாம், உள்ளே, சாம்பல் நிறத்தில் நாலு வரி நிழலாகத் தெரிந்தது. படிக்க முடியவில்லை. ஆனால் எழுத்து என்பதில் சந்தேகமே இல்லை.

நாளைக்கு சார் பசையக்காவைக் கூப்பிட்டார். அவள் வந்து தாளைத் தொட்டாள், தொட்டதுமே தூக்கிவாரிப் போட்டது. பெற்ற பிள்ளையின் நடையைத் தூரத்திலேயே தெரிந்துகொள்கிற மாதிரி, தன் கைவேலையை அவளுக்குத் தெரியும். மூலையை நாற்பத்தைந்து பாகையில் சீவுகிற பழக்கம் அந்த அலுவலகத்தில் வேறு யாருக்கும் கிடையாது. நொறுங்குகிற தாளுக்குப் பின்னால் பலத்துக்காக இன்னொரு தாளை முழுசாக ஒட்டுவார்கள், அதற்குப் புறத்தாள் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், பின்பக்கம் வெறும் பக்கம் என்று நினைத்து அவள்தான் அதை ஒட்டியிருக்கிறாள். மங்கலான பென்சில் எழுத்து கண்ணில் படவில்லை. 'பின்பக்கம் பார்க்க' என்று எழுதியிருந்ததையும் படிக்கவில்லை. ஒட்டுகிற அவசரத்தில் யார் படிக்கிறார்கள்!

"யாரு ஒட்டினது இது?" என்று நாளைக்கு சார் கேட்டார்.

"ரொம்பப் பழைய வேலை சார். யாரோ ஒட்டியிருக்காங்க," என்றாள் பசையக்கா. சொன்னதுமே அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. ஆனால் வாய் சொல்லிவிட்டது.

"எடுக்க முடியுமா?" என்று கேட்டது ஓட்டுநர்.

அங்கேதான் சிக்கல். தண்ணீரில் ஊறப் போட்டால் புறத்தாள் கழன்று வரும். ஆனால் முன்பக்கத்து நீல மை பேனா மை, தண்ணீர் பட்டால் ஓடிவிடும். பேறு நடந்த நாள், எடை எல்லாம் நீலக் குளமாகிவிடும். சரி, உலர்ந்தபடியே கத்தியால் சுரண்டலாம் என்றால், பசையோடு பென்சிலும் சேர்ந்து வந்துவிடும். பென்சில் என்பது தாள் மேல் படிந்த தூள்தானே. ஒரு பக்கம் நனைக்கக்கூடாது, மறுபக்கம் தேய்க்கக்கூடாது. நடுவில் காய்ந்த பசை.

"நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வாங்க. ஒரு வழி யோசிக்கிறேன்," என்றாள். அவளிடம் ஒரு வழியும் இல்லை.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கணவனுடைய தம்பி மனைவி, பள்ளியில் உயிரியல் டீச்சர், அங்கேதான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரே வீட்டில் பன்னிரண்டு வருஷம். துணி காயப்போடுகிற கொடியிலிருந்து தொலைக்காட்சி ரிமோட் வரை இருவருக்கும் ஏதாவது ஒன்றில் முட்டிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அன்றைக்கு அக்காவின் முகத்தைப் பார்த்ததும் டீச்சர் சிவப்புப் பேனாவை மூடிவிட்டாள்.

"என்னக்கா, மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

பசையக்கா எல்லாவற்றையும் சொன்னாள். பொய் சொன்னதையும் சொன்னாள். சொல்லும்போது அழுதேவிட்டாள்.

டீச்சர் ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை. எழுந்து போய் ரொட்டிப் பொட்டலத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து நீட்டினாள். "இதை வாயில போடுங்க. முழுங்கக் கூடாது. மென்னுக்கிட்டே இருங்க."

"எனக்கு இருக்கற நெலமைல உன் ரொட்டிதான் குறைச்சலா?"

"போடுங்கன்னா போடுங்களேன்."

போட்டாள். மென்றாள். ஒரு நிமிஷம் ஒன்றுமில்லை. அப்புறம் நாக்கின் ஓரத்தில் லேசாக இனிப்பு தட்டியது, பிறகு நன்றாகவே இனித்தது.

"சர்க்கரை தடவியிருக்கியா?"

"நான் எதுக்குத் தடவறேன்? ரொட்டியே சர்க்கரைதான். குளுக்கோஸ்னு சொல்றோமே, அந்தக் குட்டிச் சர்க்கரை ஆயிரக்கணக்குல வரிசையா கை கோத்து நின்னா அதுதான் மாச்சத்து. கோத்திருக்கும்போது இனிக்காது. உங்க எச்சில்ல ஒண்ணு இருக்கு, அமிலேஸ்னு பேரு. அது அந்தக் கைகளைப் பிரிச்சு விடுது. அதான் இனிக்குது."

பிறகு விடைத்தாள் ஒன்றின் எழுதாத ஓரத்தைக் கிழித்து நீட்டினாள். "இப்போ இதை மெல்லுங்க."

"உனக்குக் கிறுக்கு புடிச்சிருக்கா?"

"நானும் மெல்றேன், வாங்க."

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து காகிதம் மென்றார்கள். அந்த நேரம் பார்த்துத்தானா பசையக்காவின் கணவன் உள்ளே வர வேண்டும்? இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு சமையல் இல்லேன்னு நேரடியாவே சொல்லியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

காகிதம் இனிக்கவில்லை. எத்தனை மென்றாலும் அது காகிதமாகவே இருந்தது.

"இதுவும் சர்க்கரைதான்கா," என்றாள் டீச்சர்.

"என்னது?"

"அதே குளுக்கோஸ். மாத்து கொறைஞ்சது இல்ல, கலப்படம் இல்ல, அதே சரக்கு. ரொட்டியில எல்லாரும் ஒரே பக்கம் பார்த்து நின்னு கை கோத்திருக்காங்க. காகிதத்துல ஒருத்தர் நேரா நின்னா அடுத்தவர் தலைகீழா. அப்புறம் மறுபடி நேரா, மறுபடி தலைகீழா. வித்தியாசம் அவ்வளவுதான். ஒரே பக்கம் பார்த்த வரிசை வளைஞ்சு சுருளாயிடும். தண்ணி உள்ள போகும், எச்சில் உள்ள போகும், தின்னலாம். மாத்தி மாத்தி நின்ன வரிசை நட்டக்குத்தலா நிக்கும். பக்கத்து வரிசையோட ஒட்டி உறவாடி இறுகிடும். அதுக்கு செல்லுலோஸ்னு பேரு. நம்ம எச்சில் அதை ஒண்ணும் பண்ண முடியாது."

பசையக்கா வாயிலிருந்த காகிதத்தைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"மரம் வெயிலைப் புடிச்சு, காத்தையும் தண்ணியையும் சேர்த்து இந்தச் சர்க்கரையைப் பண்ணுது. பண்ணினதும் அதுக்கு ஒரே ஒரு கேள்விதான், திங்கறதுக்கா, நிக்கறதுக்கா? திங்கறதுக்குன்னா இப்படிக் கோக்கும், விதையிலயும் கிழங்குலயும் சேர்த்து வைக்கும். நிக்கறதுக்குன்னா அப்படிக் கோக்கும், தண்டாகும், பஞ்சாகும், கட்டையாகும். இந்த மேஜை, உங்க பருத்திச் சேலை, இந்தக் காகிதம், அந்த ரொட்டி, எல்லாம் ஒரே மாவுதான்கா. உங்க ஈரல்லயும் கொஞ்சம் கோத்து வச்சிருக்கு, மத்தியானம் சாப்பிடாம இருந்தீங்களே, அப்போ அதுதான் ஓடிச்சு. அவ்வளவு ஏன், உங்க ரத்தம் என்ன வகைன்னு முடிவு பண்றதே சிவப்பணு மேல ஒட்டியிருக்கற ஒரு துளி சர்க்கரைதான். அது மாறின ரத்தத்தை ஏத்தினா ஆளையே கொன்னுடும்."

பசையக்கா மேஜையைத் தடவிப் பார்த்தாள். இருபத்தைந்து வருஷம்! மாச்சத்தைக் கசக்கிப் பிழிந்து பசை காய்ச்சியவள், அதைக் காகிதத்தின் மேல் பூசியவள். ஒரே பொருளை எடுத்து அதே பொருளோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். ஒட்டுவதும் அதுதான், ஒட்டப்படுவதும் அதுதான். ஒரு கை மேலே, ஒரு கை கீழே, அவ்வளவுதான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தில்தான் காடு நிற்கிறது, வயிறு நிறைகிறது. அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. யாரோ ஒருத்தர் இதை யோசித்துச் செய்தார் என்றாலும் ஆச்சரியம், யாருமே யோசிக்காமல் நடந்தது என்றால் இன்னும் ஆச்சரியம். இத்தனை நாள் அதைக் கையால் அளைந்துகொண்டிருந்தும் தெரியவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

பிறகுதான் உறைத்தது. நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"அப்போ என் எச்சில் பசையைத் திங்கும்."

"ம்."

"காகிதத்தைத் தொடாது."

"ஒரு இழையைக்கூடத் தொடாது."

"பென்சிலை?"

"பென்சில் கரி. அது எச்சிலைச் சட்டையே பண்ணாது." டீச்சர் சிரித்தாள். "பன்னிரண்டு வருஷத்துல என் பாடத்தை நீங்க ஒழுங்கா கேட்டது இன்னைக்குத்தான்."

மறுநாள் ஒன்பது மணிக்கு ஓட்டுநர் வந்தபோது, தாள் பதிவேட்டிலிருந்து கழற்றப்பட்டு உறிஞ்சுதாள் மேல் குப்புறப் படுத்திருந்தது. பசையக்கா பல் தேய்த்து, நாலு தடவை வாய் கொப்பளித்து, வெறும் வயிற்றில் உட்கார்ந்திருந்தாள். விடிந்ததிலிருந்து பழைய புறத்தாளைக் கத்தி முனையால் படலம் படலமாக உரித்திருந்தாள். மேலே இப்போது முடி அளவு கனத்தில் ஒரு படலமும் அதற்கடியில் பசையும்தான் மிச்சம்.

மூங்கில் குச்சியின் நுனியில் சுற்றிய பஞ்சை அவள் வாயில் வைத்து நனைப்பதைப் பார்த்ததும் நாளைக்கு சார் பதறிப்போனார். "என்னம்மா இது! அரசாங்க ஆவணத்து மேல எச்சிலா?"

"சார், உங்க கையெழுத்து போட்ட கவரை இத்தனை வருஷமா நக்கித்தானே ஒட்டறோம்," என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டு தன் மேஜைக்குப் போனார்.

பஞ்சைத் தாளின் மேல் வைத்து உருட்டினாள், தேய்க்கவில்லை. கட்டைவிரல் அகலம், அதற்கு மேல் இல்லை. ஈரம் அடிப்பக்கம் போகாத அளவுக்கு ஒரு பொட்டு. அறுபது எண்ணினாள். இடுக்கியால் படலத்தின் ஓரத்தைத் தொட்டாள்.

வந்தது. எதிர்ப்பே இல்லாமல், பாலாடை மாதிரி வந்தது. அடியில் இருந்த பசை பசையாக இல்லை, நீர்த்துப் போய் மினுமினுத்தது. அதை இன்னொரு பஞ்சால் ஒற்றி எடுத்தாள். கீழே தாள், அசல் தாள், ஒரு இழை கலையாமல் இருந்தது. அதன் மேல் பென்சிலில் ஒரு 'தா'.

கையிலிருந்த பஞ்சைப் பார்த்தாள். பஞ்சும் சர்க்கரை, மூங்கில் குச்சியும் சர்க்கரை, தாளும் சர்க்கரை. நனைந்தது எல்லாம்தான். கரைந்தது பசை மட்டும். எச்சிலுக்குக் கண் உண்டா என்ன? கண்ணில்லாத ஒரு துளி, ஆயிரம் கோடிக் கைகளுக்கு நடுவில், பிரிக்க வேண்டிய கையை மட்டும் தேடிப் பிடித்துப் பிரிக்கிறதே! அடேயப்பா என்று வாய்விட்டே சொன்னாள்.

"என்னக்கா?" என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த ஓட்டுநர்.

பசையக்கா குச்சியைக் கீழே வைத்தாள். இதற்கு மேல் அடக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

"இந்தப் புறத்தாளை ஒட்டினது நான்தான். நேத்து யாரோன்னு பொய் சொன்னேன். நீங்க இருபது வயசுல வந்தப்போ இது வெள்ளையா இருந்ததுக்குக் காரணம் நான்தான். அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஒட்டியிருக்கேன். படிச்சுப் பார்க்கல. மன்னிச்சிடுங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரல."

ஓட்டுநர் அவளையே பார்த்தாள். நாளைக்கு சார் தன் மேஜையில் ஒரு தாளைத் திருப்பி வைத்தார், மறுபடி திருப்பினார்.

"இருபத்து மூணு வருஷம்கா," என்றாள் ஓட்டுநர்.

"ஆமா."

"எந்திரிச்சுப் போயிடலாமான்னு இருக்கு."

"போனாலும் நான் முடிச்சு வைக்கிறேன்."

ஓட்டுநர் போகவில்லை. நாற்காலியை இழுத்து ஜன்னல் பக்கம் போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பசையக்கா குனிந்து வேலையைத் தொடர்ந்தாள்.

முதல் வரி முடிய பத்தரை ஆகிவிட்டது. நர்ஸின் கையெழுத்து போலும், அவசர எழுத்து. சத்தமாகப் படித்தாள். "'தாய் ஒன்பதாம் நாள் திரும்பி வந்து குழந்தையைக் கேட்டாள்.'"

ஜன்னலோரம் இருந்த முதுகு அசையவில்லை. அப்புறம் மெதுவாகத் திரும்பியது.

"திரும்பி வந்தாங்களா?"

"வந்திருக்காங்க."

"திரும்பி வந்தாங்களா!" இரண்டாவது தடவை சொன்னபோது அது கேள்வியே இல்லை. நாற்பத்து மூன்று வயசுப் பெண், எருமை மாதிரிப் பேருந்தைச் சந்தில் வளைக்கிறவள், சீருடைச் சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மினாள். தான் வேண்டாமென்று விடப்பட்டவள் என்றே இத்தனை வருஷமும் வாழ்ந்தவள் அவள். நாளைக்கு சார் எழுந்து வந்து ஒரு குவளைத் தண்ணீரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். மனுஷர் மோசமில்லை.

இரண்டாவது வரி பன்னிரண்டேகாலுக்கு வந்தது. 'குழந்தை முந்தின நாள் இல்லத்துக்கு அனுப்பப்பட்டுவிட்டது.' ஒரு நாள், ஒரே ஒரு நாள் வித்தியாசம்! மூன்றாவது வரி இரண்டேகாலுக்கு. 'மகள் என்றைக்காவது வந்து கேட்டால் கொடுக்கச் சொல்லித் தன் பெயரும் முகவரியும் தந்தாள்.'

மிச்சம் ஒரு வரி. அதில்தான் பெயர் இருக்கிறது, அதில்தான் முகவரி இருக்கிறது. வேன் நாலு மணிக்கு.

அந்த நேரத்தில்தான் பசையக்காவின் வாய் வறண்டுபோனது.

அஞ்சு மணி நேரமாகச் சுரந்த வாய் அது. அதோடு பயம் வேறு. பயந்தால் முதலில் உலர்வது நாக்குதானே. பஞ்சை வைத்தால் பஞ்சு அப்படியே காய்ந்தபடி வந்தது. எலுமிச்சம்பழத்தை நினைத்துப் பார்த்தாள், பச்சை மாங்காயை நினைத்துப் பார்த்தாள். தண்ணீர் குடித்தால் தண்ணீர்தான் வருகிறது, எச்சில் வரவில்லை. அந்தத் தண்ணீருக்குப் பசை அசைந்தே கொடுக்கவில்லை. மணி இரண்டு ஐம்பது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை அவளுக்கு.

"என்னாச்சு?" ஓட்டுநர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"வாயில ஒண்ணும் ஊறல. என்னால முடியல."

"தண்ணி பத்தாதா?"

"ஊறப் போட முடியாது, ஒரு பொட்டுத் தண்ணிக்கு இது கரையாது. எச்சில்தான் வேணும்."

ஓட்டுநர் தாளைப் பார்த்தாள். பிறகு மேஜை மேலிருந்த புதுக் குச்சி ஒன்றை எடுத்தாள். "என்னோடது ஆகுமா?"

பசையக்கா நிமிர்ந்தாள். முந்தின நாள் தூங்கப் போகும் முன் டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்தது. எச்சிலில் அந்த அமிலேஸ் எல்லாருக்கும் ஒரே அளவு இருக்காது, அதைச் செய்கிற குறிப்பு பிறக்கும்போதே அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் வருகிறது, சிலருக்கு அது கூடுதலாகவே கிடைக்கும்.

"ஆகும்," என்றாள். "அதுல பாதி உங்க அம்மா கொடுத்ததுதான்."

ஓட்டுநர் வாய் கொப்பளித்துவிட்டு வந்தாள். பஞ்சை நனைத்துக் கொடுத்தாள், பசையக்கா உருட்டினாள். அறுபது எண்ணவே வேண்டியிருக்கவில்லை, நாற்பதிலேயே படலம் நெகிழ்ந்துவிட்டது. "எம்மாடி, உங்க எச்சில் என்னோடதைத் தூக்கிச் சாப்பிடும் போலிருக்கே!" என்றாள். ஓட்டுநர் வாயில் குச்சியோடேயே சிரித்தாள், கண்ணில் தண்ணீரும் வழிந்தது. ஒருத்தி நனைத்துக் கொடுக்க ஒருத்தி உருட்ட, இரண்டு பேருமாக வேலை செய்தார்கள். வெளியே வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. நாளைக்கு சார் வாசலுக்குப் போய், "பதிவேடு இன்னும் கட்டல. நாளைக்கு வாங்க," என்று உரக்கச் சொன்னது உள்ளே வரை கேட்டது. அவர் வாழ்க்கையிலேயே அந்த வார்த்தையால் யாருக்காவது நன்மை நடந்தது அன்றைக்குத்தான்.

நாலு பத்துக்குக் கடைசிப் படலம் கழன்றது.

பெயர் இருந்தது. அதை இங்கே சொல்லப்போவதில்லை. அது அவளுக்காகக் கொடுத்து வைத்த பெயர், முதலில் வாய்விட்டுச் சொன்னவளும் அவள்தான். இரண்டு தடவை சொன்னாள். பெயருக்குப் பக்கத்தில் முகவரி, நூல் ஆலைக் குடியிருப்பு, ஆறாம் எண் வீடு.

ஓட்டுநர் அதைப் படித்துவிட்டு மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னம்மா?" என்றாள் பசையக்கா. "தெரிஞ்ச எடமா?"

"மில்லை மூடி எத்தனையோ வருஷமாச்சு. ஸ்டாப்புக்குப் பேர் மட்டும் இன்னும் மில் கேட்தான். குடியிருப்புல ஆளுங்க இருக்காங்க." மறுபடி தாளைப் பார்த்தாள். "என் ரூட்டுதான்கா அது. பதினோரு வருஷமா தினம் நாலு தடவை அங்க நிறுத்தி ஆள் ஏத்தறேன். வயசானவங்க நிறையப் பேர் ஏறுவாங்க. மெதுவா ஏறுங்கம்மா, மெதுவா ஏறுங்கம்மான்னு நானேதான் சொல்லுவேன்."

பென்சில் எழுத்துகள் ஈரம் உலர்ந்துகொண்டிருந்தன. நாற்பத்து மூன்று வருஷம் காத்த தாள், அதில் இருபத்தைந்து வருஷம் பசைக்கு அடியில் மூச்சை அடக்கிக் கிடந்த தாள், ஒரு எழுத்தைக்கூட விட்டுக்கொடுக்கவில்லை. நிற்பதற்கென்று கை கோத்தது நின்றிருந்தது. பசையக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கும்பிடத் தோன்றியது அவளுக்கு, யாரை என்றுதான் தெரியவில்லை.

"உங்க மேல கோவம் போகலக்கா," என்றாள் ஓட்டுநர் முகத்தைத் துடைத்துக்கொண்டே. "அது அவ்வளவு சீக்கிரம் போகாது."

"போக வேண்டாம். இருக்கட்டும்."

"ஆனா தனியா போய்க் கதவைத் தட்ட எனக்குத் தைரியம் இல்ல. செருப்பை மாட்டுங்க. அஞ்சு மணி வண்டி இருக்கு."

பசையக்கா கையைக் கழுவினாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, நாளைக்கு சாரிடம் சொல்லிக்கொள்ளக்கூட மறந்து, அவள் பின்னாலேயே படியிறங்கினாள்.